சிவப்பு வளையம் போட்ட இணைப்பு

என் அக்காவின் வீட்டுக்காரரை வேலையிடத்தில் தீவட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அவர் மாமா. தண்டவாளங்களை நெருப்பால் இணைப்பது அவர் தொழில். கையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். முழங்கை வரைக்கும் பொரிப்பொரியாகச் சூட்டுத் தழும்பு. யாராவது அதைப் பார்த்து முகம் சுளித்தால், சட்டைக் கையை இன்னும் கொஞ்சம் மேலே சுருட்டிக் காட்டுவார். அப்படிப்பட்ட ஆள்.

இரண்டு பெருநகரங்களுக்கு நடுவே அதிவேக ரயில் பாதை போடுகிறார்கள், ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் முதலில் கிளம்பியது மாமாதான். பின்னாலேயே அக்காவும் போனாள். நான் வேலை பார்த்த பட்டறையை அப்போதுதான் மூடியிருந்தார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்து சுவரை வெறித்துக்கொண்டிருந்தேன். "சுவரு எங்கயும் போயிடாது மச்சான், நீ கிளம்பு" என்று மாமா என்னையும் இழுத்துக்கொண்டு போய்த் தன் குழுவில் கிரைண்டர் பிடிக்கும் வேலையில் போட்டார்.

பேருந்தில் போனால் அந்த இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு பகல் முழுவதும் போய்விடும். பழைய ரயிலும் அப்படித்தான். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று, ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் போகும். புதிய பாதை வந்துவிட்டால் காலைச் சாப்பாட்டை இங்கே முடித்துவிட்டு, அடுத்து பசிப்பதற்குள் அங்கே இறங்கிவிடலாம். "நாம போட்ட பாதையில ஜனம் பறக்கப் போகுதுடா" என்பார் மாமா. சொல்லும்போது நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்துவிடும்.

எங்கள் வேலை இப்படி. தொழிற்சாலையிலேயே இணைத்த நீள நீளமான தண்டவாளங்களைக் கொண்டுவந்து கான்கிரீட் படுகையில் போடுவார்கள். ஒன்றோடொன்று சேருகிற இடம் எங்களுடையது. இரண்டு முனைகளுக்கும் நடுவே விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டு, அதைச் சுற்றி அச்சு வைத்து, ஓரங்களை ஈர மண்ணால் பூசி அடைப்போம். முனைகளை வாயு நெருப்பில் சிவக்கச் சுடவைப்போம். மேலே ஒரு குடுவை. அதில் இருக்கும் உலோகத் தூளை நாங்கள் மருந்து என்போம். மாமா அதில் நெருப்பு வைத்ததும் குடுவை உறுமத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் உருகிய இரும்பு வெள்ளை வெளிச்சமாக அச்சுக்குள் இறங்கும். கறுப்புக் கண்ணாடி போடாமல் பார்த்தால் கண் போச்சு. ஆறியதும் அச்சை உடைத்து, பிதுங்கி நிற்பதை வெட்டி எறிந்துவிட்டு, என்னிடம் விடுவார்கள். நான் தேய்த்த பிறகு விரலை ஓட்டிப் பார்த்தால், எது தண்டவாளம் எது இணைப்பு என்று தெரியக் கூடாது. கடைசியில் மாமா தன் முத்திரையைப் பக்கத்தில் சுத்தியலால் அடிப்பார். அந்தச் சத்தம் கேட்டால்தான் எங்களுக்கு வேலை முடிந்த மாதிரி.

அந்தப் பாதையில் மாமாவின் இணைப்பு ஒன்றுகூடத் தள்ளுபடி ஆனதில்லை. அதற்காக முகாம் அலுவலக வாசலில் அவர் படத்தைப் பெரிதாக மாட்டியிருந்தார்கள். படத்தில் அவர் முகமூடி போட்டிருப்பார். ஆள் யாரென்றே தெரியாது. ஆனாலும் புதிதாக வருகிறவர்களை எல்லாம் அந்த வழியாகத்தான் கூட்டிக்கொண்டு போவார்.

அக்காவின் வேலை இதற்கு நேர் எதிர். மற்றவர்கள் செய்ததில் குறை கண்டுபிடிப்பதற்கு அவளுக்குச் சம்பளம். கைக்கு அடக்கமான ஒரு கருவியைத் தண்டவாளத்தின் மேல் வைத்து மெதுவாக நகர்த்துவாள். அதிலிருந்து காதுக்குக் கேட்காத ஒலி இரும்புக்குள் போகும். உள்ளே ஒழுங்காக இருந்தால் திரையில் கோடு அமைதியாக ஓடும். விரிசலோ ஓட்டையோ இருந்தால் ஒலி அதில் மோதித் திரும்பி, திரையில் முள் மாதிரி எழும்பும். கல்யாணத்துக்கு முன்பு கப்பல் கட்டும் இடத்தில் இரும்புத் தகடுகளை இப்படித்தான் சோதித்துக்கொண்டிருந்தாள். இங்கே எல்லோரும் அவளை ஸ்கேன் அக்கா என்றார்கள்.

புருஷன் இணைத்ததைப் பெண்டாட்டி சோதிக்கக் கூடாது என்பது விதி. அதனால் அவளுக்கு வேறு பகுதி, எங்களுக்கு ஆற்றுப் பாலம் இருக்கும் பகுதி. காலையில் மூன்று பேரும் ஒரே வண்டியில் ஏறி, வெவ்வேறு இடத்தில் இறங்குவோம். அப்படியே போயிருந்தால் ஒரு கதையும் இல்லை. ஆனால் எங்கள் பகுதிச் சோதனையாளர் படியில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். பாதையில் முதல் தடவையாக முழு வேகத்தில் சோதனை ரயில் ஓட்டுவதற்கு நாள் குறித்தாயிற்று. ஆற்றுப் பால இணைப்புகளைப் பார்க்க வேறு ஆள் கிடைக்கவில்லை.

எங்கள் பகுதிக்குப் பொறுப்பான மேடம் அக்காவைக் கூப்பிட்டார்.

"மேடம், அதெல்லாம் எங்க வீட்டுக்காரர் இணைப்பு" என்றாள் அக்கா.

"தெரியும். நீங்க சரின்னு சொல்றதையெல்லாம் தலைமை அலுவலகத்துல இருந்து சோதனைப் பிரிவுப் பெரியவர் ஒருத்தர் வந்து இன்னொரு தடவை பாப்பாரு. தப்புன்னு சொன்னீங்கன்னா யாரு சந்தேகப்படப் போறா? எந்தப் பொண்டாட்டி சொந்தப் புருஷன் வேலையைத் தப்புன்னு சொல்லுவா?"

"நீங்க எங்க வீட்டுக்கு வந்ததில்ல போல" என்றாள் அக்கா. மேடம் சிரித்துவிட்டார்.

எங்கள் குழுவில் அன்றைக்கு ஒரே கும்மாளம். "தீவட்டி, வீட்லயும் பரீட்சை, இங்கயும் பரீட்சையா?" என்று ஒருவன் ஆரம்பித்தான். மாமா அலட்டிக்கொள்ளவில்லை. "என் இணைப்புல குறை இருந்தா எனக்கே சொல்லும்" என்றார்.

அக்கா பாலத்துக்கு வந்தாள். தலைமுடியைத் தொப்பிக்குள் சொருகிக்கொண்டு, முழங்காலில் துணியைக் கட்டிக்கொண்டு, ஒவ்வோர் இணைப்பாகக் குனிந்து பார்த்தாள். மாமா பின்கையைக் கட்டிக்கொண்டு, சீட்டி அடித்தபடி அவள் பின்னாலேயே நடந்தார். அவள் ஒன்றை முடித்து 'சரி' என்று பச்சைப் புள்ளி வைக்கும்போதெல்லாம் எங்களைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவார். பச்சை, பச்சை, பச்சை. நாள் முழுக்கப் பச்சை. மறுநாளும் அப்படித்தான்.

ஆற்றின் நடுவே, காற்று தள்ளுகிற இடத்தில், ஓர் இணைப்பில் அவள் நின்றாள்.

கருவியை ஒரு தடவை ஓட்டினாள். துடைத்தாள். திரும்ப ஓட்டினாள். "தம்பி, தண்ணி கொண்டா" என்றாள். நான் வாளியைக் கொண்டுபோனேன். தண்டவாளத்தைக் கழுவி, பசை தடவி, கருவியின் முனையை மாற்றி, இன்னொரு பக்கத்திலிருந்து ஓட்டினாள். மாமாவின் சீட்டி நின்றுவிட்டது.

அக்கா எழுந்து, பையிலிருந்து சிவப்புப் பெயிண்ட்டை எடுத்து, இணைப்பைச் சுற்றி ஒரு வளையம் போட்டாள்.

ஆறு ஓடுகிற சத்தம் மட்டும் கீழேயிருந்து வந்தது.

"என்னது இது?" என்றார் மாமா.

"அடிப்பக்கத்துல, ஓரமா, ஏதோ இருக்குங்க."

"ஏதோன்னா?"

"அது வெட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

"உன் மெஷின மாத்து."

"மாத்திட்டுத்தான் சொல்றேன்."

மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. எங்களை ஒரு பார்வை பார்த்தார். நாங்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஆற்றைப் பார்த்தோம். அவர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பாலத்தின் அந்தக் கோடி வரைக்கும் நடந்தே போய்விட்டார்.

மதியத்துக்கு மேல் தலைமை அலுவலகத்துப் பெரியவர் வந்தார். நிதானமான மனிதர். அக்காவின் கருவியாலும் பார்த்தார், தன் கருவியாலும் பார்த்தார். முள் எழும்பத்தான் செய்தது. ஆனால் தள்ளுபடிக் கோட்டைத் தொட்டும் தொடாமலும் நின்றது.

"ஒளிக்காம சொல்லிடறேன்" என்றார் அவர். "இது உள்ள இருக்கிற குறையாவும் இருக்கலாம். அடிப்பக்கத்து வளைவுல ஒலி பட்டுத் திரும்புறதாவும் இருக்கலாம். விதிப்படி இதை இப்பவே தள்ளணும்னு இல்ல. கொஞ்ச நாள் ஓட விட்டு மறுபடி பாக்கலாம்."

மேடம் அக்காவின் பக்கம் திரும்பினார். "இப்ப வெட்டுனா அவ்வளவு சீக்கிரம் முடியாது. பழைய இணைப்பை எடுத்துட்டு, ஒரு துண்டு தண்டவாளத்தச் செருகி, ரெண்டு பக்கமும் புதுசா இணைக்கணும். சோதனை ரயில் தள்ளிப்போனா எனக்கு மேல இருக்கிறவங்க என்னை வறுத்து எடுத்துடுவாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் சொல்றத வளையமாவே போட்டுட்டேன் மேடம். பச்சை வைக்கணும்னா வேற யாராவதுதான் வைக்கணும்."

மேடம் நெற்றியைத் தேய்த்தார். நாளைக் காலையில் முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் யாரோ பின்னாலிருந்து முணுமுணுத்தது என் காதில் விழுந்தது: "வீட்ல ஏதோ சண்டை போலருக்கு. அத இங்க வந்து தீத்துக்குறாங்க." அக்காவுக்கும் விழுந்திருக்கும். அவள் பையை மூடிக்கொண்டே இருந்தாள், மூடி முடிந்த பிறகும்.

எங்கள் குடியிருப்பு முகாமின் ஓரத்தில் இருந்தது. தகரக் கூரை போட்ட வரிசை வீடுகள். ஒவ்வொன்றிலும் இரண்டு அறை. எனக்குப் பக்கத்துக் கதவு, சாப்பாடு மட்டும் அக்கா வீட்டில். அன்று சாயங்காலம் நான் போனபோது மாமா வாசல்படியில் உட்கார்ந்து, ஏற்கெனவே துடைத்த செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா உள்ளே. நடுவில் அவர்கள் மகள், பள்ளிக்கூடப் பையைக்கூட இறக்காமல், தூது போய்க்கொண்டிருந்தாள். வயது பத்துகூட ஆகவில்லை; வாய்க்கு மட்டும் நாற்பது.

"அப்பா, தட்டு வைக்கவான்னு அம்மா கேக்குறாங்க."

"பசிக்கலன்னு சொல்லு."

அவள் உள்ளே தலையை நீட்டி, "நிறைய வைக்கச் சொல்றாரு" என்றாள்.

"ஏய்!"

"என்னப்பா, நீங்க மதியமும் சாப்பிடலயாமே, மாமா சொன்னாரு."

நான் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மாமா என்னைத்தான் முறைத்தார். தட்டு வந்தது, நிறையவே வந்தது. சாப்பிட்டார். யாரையும் பார்க்காமல் சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் என்னிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "அன்னிக்கு நீயும் இருந்தல்ல மச்சான்? காத்து கொஞ்சம் அதிகம். அதனால மறைப்புத் துணி கட்டினோம். அச்சு சரியா உக்காந்துச்சு. சூடு சரியா ஏறுச்சு. மருந்து நல்லா உறுமுச்சு. எதுல குறை வெச்சேன்?" என்றார். எனக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. நானும் அந்த இணைப்பை ஆசையாகத் தேய்த்தவன்தான். அது தள்ளுபடி என்றால் எனக்கும் வலிக்கத்தானே செய்யும்?

அவர் வெளியே உலாவப் போனதும் அக்காவிடம் போனேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா, அந்தப் பெரியவரே விடலாம்னு சொல்லிட்டாரு. நீ ஏன் ஒத்தக் கால்ல நிக்கற?"

"அவரு இன்னிக்கு வந்து ஒண்ண மட்டும் பாக்குறாரு. நான் ரெண்டு நாளா உங்க மாமாவோட இணைப்பு ஒவ்வொண்ணா பாத்துட்டு வரேன்" என்றாள். கையிலிருந்த தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "எத்தனையோ பேரு இணைச்சத பாத்திருக்கேன்டா. எல்லாத்துலயும் சின்னச் சின்னதா சலசலப்பு இருக்கும். பாஸ் ஆகும், ஆனா இருக்கும். உங்க மாமா கையில வந்தது அப்படி இல்ல. திரையில கோடு அசையாது. தண்ணி தேங்கி நிக்கற மாதிரி இருக்கும். அதனாலதான் இது ஒண்ணு தனியாத் தெரிஞ்சுது. வேற யாரோட வேலையிலயாவது இது வந்திருந்தா, நானும் வளைவுல பட்டுத் திரும்புதுன்னு விட்டிருப்பேன். அவரு அடிப்பக்கத்து வளைவு எப்பவும் ஒரே மாதிரிதான் வரும். இது அது இல்ல."

"இதை மாமாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"பெயிண்ட் டப்பாவ கையில வெச்சுக்கிட்டு எப்படிடா சொல்றது?"

காலையில் வண்டி வருவதற்கு முன்னால், பல் துலக்குகிற குழாயடியில் மாமாவைப் பிடித்தேன். அக்கா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். வாயில் நுரையோடு கேட்டுக்கொண்டிருந்தவர், துப்பிவிட்டு, "தண்ணி தேங்கி நிக்கற மாதிரின்னா சொன்னா?" என்றார். "ஆமா." "திரும்பச் சொல்லு." சொன்னேன். "அவளேவா சொன்னா? நீயா கட்டிவிடுறியா?" "எனக்கு இப்படியெல்லாம் பேச வருமா மாமா?" அது அவருக்கு நியாயமாகப் பட்டது. முகத்தைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார்.

பாலத்தில் மேடம் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். பெரியவரும் அக்காவும் இருந்தார்கள். மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்ததும் மாமா நேராக அந்தச் சிவப்பு வளையத்தின் முன்னால் போய் நின்றார்.

"மேடம், இத வெட்டணும்."

மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்களா சொல்றீங்க? ஓட விட்டு மறுபடி பாக்கலாம்னுதான் நான்..."

"இதுல என் முத்திரை இருக்கு. அவ இருக்குன்னா இருக்கும். சந்தேகத்தோட ஒண்ண இங்க விட்டுட்டுப் போக என்னால முடியாது. வெட்டுறேன். புதுசா ரெண்டு போட்டுத் தரேன். ரயிலுக்கு நாள் தள்ளக் கூடாதுன்னா, நாங்க இடத்த விட்டு நகராம முடிச்சுத் தரோம்." பிறகு என் பக்கம் திரும்பி, "மச்சான், ரம்பத்த எடு" என்றார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தன் கருவிப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அழுதுவிடுவாளோ என்று பயந்தேன், அழவில்லை.

மேடம் அவர்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, மேலிடத்துக்குப் போன் போட்டார். மறுமுனையிலிருந்து வந்த கூச்சலில் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். கூச்சல் ஓய்ந்ததும், "ஆமா சார், என் முடிவுதான். நானே பொறுப்பு" என்று சொல்லி வைத்தார். அந்த இடத்தில் எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்தது.

தண்டவாளத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் கவ்விகளை மாட்டினோம். ரம்பம் இரும்பில் இறங்கியதும் தீப்பொறி ஆற்றுப் பக்கம் பறந்தது. நான் ஆசைஆசையாகத் தேய்த்த இடத்தை நானே அறுத்தேன். துண்டைத் தூக்கித் தள்ளுவண்டியில் போட்டு, கரையிலிருந்த பட்டறைக்குக் கொண்டுபோனோம். அங்கே இரும்பை அழுத்தி உடைக்கிற இயந்திரம் இருந்தது. விஷயம் பரவி, வேலை இல்லாதவன் உள்ளவன் எல்லோரும் பட்டறை வாசலில் கூடிவிட்டார்கள்.

அழுத்தினார்கள். வெடி மாதிரி ஒரு சத்தம். இரும்பு இரண்டாகப் பிளந்தது.

பெரியவர் குனிந்து பார்த்தார். உடைந்த முகம் சர்க்கரைக் கட்டியை உடைத்த மாதிரி ஒரே சீராக மினுங்கியது. ஒரு புள்ளி இல்லை, ஓட்டை இல்லை. கூட்டத்தில் யாரோ 'ச்சு' கொட்டினார்கள். எல்லார் கண்ணும் அக்கா மேல் திரும்பியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"அடிப்பக்கத்த உடைங்க" என்றார் மாமா. "அவ அடிப்பக்கம், ஓரம்னு சொன்னா. இது நடுவுல உடைஞ்சிருக்கு."

துண்டைப் புரட்டிப் போட்டு, அடிப்பக்கம் தனியாக அழுந்துகிற மாதிரி வைத்தார்கள். மறுபடி அழுத்தினார்கள். இந்தத் தடவை சத்தம் மொண்ணையாக வந்தது.

மாமாதான் முதலில் பார்த்தார். மினுங்குகிற இரும்புக்கு நடுவே, ஓரத்தை ஒட்டி, சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கறுப்பாக ஒரு திட்டு. கண்ணாடி மாதிரி வழவழப்பு. அச்சின் ஓரத்தைப் பூசிய மண்ணில் ஒரு பொறுக்கு உள்ளே விழுந்து, உருகிய இரும்போடு சேர்ந்து உறைந்துபோயிருந்தது. வெளியே ஒரு தடயமும் இல்லை.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, நெடுநேரம் பார்த்தார். "விட்டிருந்தா, ரயில் ஓட ஓட இங்கிருந்து விரிசல் கிளம்பியிருக்கும்" என்றார். அக்காவிடம் திரும்பி, "நீங்க சொன்னதுதாம்மா சரி. நான் இத்தன வருஷத்துல இந்த இடத்துல இவ்வளவு சின்னத யாரும் பிடிச்சுப் பாத்ததில்ல" என்றார்.

அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

மாமா என்ன செய்யப்போகிறார் என்று எல்லோரும் பார்த்தோம். அவர் அந்த உடைந்த துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். அடிவயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. "டேய், இங்க வாங்கடா! இதப் பாருங்க! இம்மாத்துண்டு! நான் பக்கத்துல நின்னு இணைச்சவன், எனக்கே தெரியல. இவ மேல நின்னுக்கிட்டு, இரும்புக்குள்ள பூந்து பாத்திருக்கா!" ஒவ்வொருவன் மூக்குக்கு நேராகவும் துண்டை நீட்டினார். வீட்டுச் சண்டை என்று முந்தின நாள் முணுமுணுத்தவன் நழுவப் பார்த்தான். அவனைத் தோளைப் பிடித்து நிறுத்தி இரண்டு தடவை காட்டினார்.

"போதும், விடுங்க" என்றாள் அக்கா. முகம் சிவந்துவிட்டது.

அதற்கப்புறம் பேச நேரம் இல்லை. அந்த ஈர மண் வந்த மூட்டைகளை மேடம் தனியாக ஒதுக்கி வைக்கச் சொன்னார். அதே மண்ணை வைத்துச் செய்த மற்ற இணைப்புகளை அக்காவும் பெரியவரும் மறுபடி பார்த்தார்கள். அவற்றில் குறை இல்லை. நாங்கள் பாலத்துக்குத் திரும்பினோம். துண்டுத் தண்டவாளத்தைச் செருகி, அச்சு வைத்தோம். மாமா அச்சைச் சுற்றி மண் பூசுவதை யாரிடமும் விடவில்லை. தானே மண்டியிட்டு, விரலாலேயே வழித்து வழித்துப் பூசினார். குடுவையில் நெருப்பு வைத்தார். அது உறுமியபோது எங்கள் குழு முழுவதும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வட்டமாக நின்றது. உருகிய இரும்பு இறங்கியது. இரண்டாவதும் அப்படியே. ஆறும் வரை காத்திருந்து நான் தேய்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நிதானமாக எதையும் தேய்த்ததில்லை.

பிறகு அக்கா வந்தாள். இந்தத் தடவை மாமா அவள் பின்னால் நடக்கவில்லை, சீட்டியும் இல்லை. தள்ளிப்போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைப்பிடியில் சாய்ந்து ஆற்றைப் பார்த்தார். அக்கா குனிந்து ஒன்றைப் பார்த்தாள். எழுந்து போய் மற்றதைப் பார்த்தாள். திரும்ப வந்து முதலாவதை இன்னொரு தடவை பார்த்தாள். எங்கள் உயிரை வாங்கினாள். கடைசியில் பச்சைப் பெயிண்ட்டை எடுத்தாள்.

"என்னங்க" என்று கூப்பிட்டாள். மாமா திரும்பினார்.

"ரெண்டும் தேங்கின தண்ணிதான்."

மாமா சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்து முத்திரையை அடித்தார். சத்தம் பாலம் முழுக்கக் கேட்டது.

அன்றைக்கே அலுவலகத்துக்குப் போய், வாசலில் இருந்த தன் படத்தைக் கழற்றச் சொன்னார் மாமா. அதுதான் ஒன்று தள்ளுபடி ஆகிவிட்டதே. "அது யாருன்னே தெரியாது, இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சோதனை ரயில் குறித்த நாளில் குறித்தபடி ஓடியது. நாங்கள் கரையோரம், வேலிக்கு வெளியே நின்றோம். அக்கா மகளைத் தூக்கிக்கொள்ளப் பார்த்தாள், "நான் என்ன குழந்தையா?" என்று அவள் இறங்கிக்கொண்டாள். முதலில் தண்டவாளத்தில் ஒரு முனகல் கேட்டது. பிறகு காற்று. ரயிலைப் பார்க்கலாம் என்று தலையைத் திருப்புவதற்குள் அது எங்களைத் தாண்டிப் பாலத்தின் மேல் இருந்தது. பாலத்தைப் பார்ப்பதற்குள் அக்கரையில் இருந்தது. இணைப்புகளின் மேல் தடக்கென்று ஒரு சத்தம்கூட இல்லை. கத்தியால் வெண்ணெயை வழித்த மாதிரி போயிற்று. அப்புறம் எங்கள் குழுவில் எழும்பிய கூச்சலில் ஆற்றங்கரைப் பறவைகள் எல்லாம் பறந்தன. நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. தொண்டை கட்டிப்போய் மூன்று நாள் பேச்சு வரவில்லை. மேடம் சற்றுத் தள்ளி நின்று, யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பொதுமக்களுக்குத் திறந்த பிறகு நாங்கள் நாலு பேரும் டிக்கெட் எடுத்து அந்த ரயிலில் போனோம். மாமா புதுச் சட்டை போட்டிருந்தார்; முழுக்கைச் சட்டைதான், ஆனால் வண்டி கிளம்புவதற்குள் சுருட்டிவிட்டார். ஆறு வரப்போகிறது என்றதும் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "இதோ, இதோ வரப்போகுது, நல்லா பாத்துக்கோ" என்று மகளிடம் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் ஆறு போய்விட்டது.

"எங்கப்பா?"

"தாண்டிருச்சு" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

அவருக்கு எதிர் இருக்கையில் கோட்டுப் போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். மாமாவால் சும்மா இருக்க முடியவில்லை. "சார், இப்ப ஒரு பாலம் போச்சே, அதுல இருக்கிற தண்டவாளம் முழுக்க நாங்க இணைச்சது. இதோ, இவன் தேய்ச்சது. அது அத்தனையும் சரியா இருக்கான்னு உள்ள வரைக்கும் பாத்துச் சொன்னது இவங்க. என் வீட்டுக்காரி. இந்தப் பாதையிலேயே இவங்கள மாதிரிப் பாக்குறதுக்கு ஆள் கிடையாது" என்றார்.

அந்த மனிதர் மாமாவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார்.

"அப்ப நீங்க ரயில்வே ஆளுங்களா? நல்லதாப் போச்சு. ஏ.சி. ரொம்பக் குளுருதுங்க, கொஞ்சம் குறைக்கச் சொல்ல முடியுமா?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா சற்றும் அசரவில்லை. "அதுக்கென்ன சார், இதோ சொல்லிடறேன்" என்று எழுந்து, சட்டைக் கையை இன்னும் கொஞ்சம் சுருட்டிக்கொண்டு, நிமிர்ந்த நடையில் பணியாளரைத் தேடிப் போனார்.